செழியனின் வலது கை

மதுரை

அன்புள்ள கயல்,

“குழந்தை மூளை இளசு, தானா மாத்திக்கும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாத்திக்கும்னா என்ன அத்தை? எதை எதுவா மாத்திக்கும்?” என்று கேட்டிருக்கிறாய். பதினோராம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலம் படிக்கிற பிள்ளையிடம், “எல்லாம் சரியாகிவிடும், நீ பரீட்சைக்குப் படி” என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் தம்பி செழியனுக்கு இப்போது ஏழு மாதம். இந்த மாதங்களில் அவன் தலைக்குள் நடந்துகொண்டிருப்பது ஆயுள் முழுக்க அவனோடு வரப்போகிறது. அதை வீட்டில் ஒருவராவது விவரமாகப் புரிந்துவைத்திருக்க வேண்டும். மூளை மாற்றிக்கொள்ளும் என்பது உண்மை. அது தானாக நடக்கும், முழுதாக நடக்கும், நாம் காத்திருந்தால் போதும் என்று வீட்டில் எடுத்துக்கொண்டிருந்தால் அது சரியில்லை.

எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது பக்கவாதம்தான். பெரியவர்களுக்கு வருகிற அதே வகை: மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்து, அதற்கப்பால் இருந்த பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போவது. இவனுக்கு அடைபட்டது மூளையின் இடது பாதிக்குப் போகும் நடுப் பெருமூளைத் தமனி. கருவின் 20-ஆவது வாரத்திலிருந்து பிறந்த 28-ஆவது நாள் வரை எப்போது வந்தாலும் பிறப்பையொட்டிய பக்கவாதம் என்று ஒரே தலைப்பில் மருத்துவர்கள் சேர்த்துவிடுவார்கள். “பச்சைப்பிள்ளைக்குப் பக்கவாதமா?” என்று ஆச்சி நம்பாமல் கேட்டார்களாம். சில ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்கிற கணக்கில் இது வருகிறது. குழந்தைப் பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பக்கவாத ஆபத்து மிக அதிகமாக இருப்பது பிறப்பையொட்டிய அந்தச் சில நாட்களில்தான்.

பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போய்விடாமல் இருக்க, கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் தாயின் ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடலே மாறிக்கொள்கிறது. நஞ்சுக்கொடியில் சிறு கட்டிகள் உருவாவது உண்டு. அதில் ஒன்று பிள்ளையின் பக்கம் நழுவினால், கருவின் இதயத்தில் வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவே உள்ள திறப்பின் வழியாக, நுரையீரலைத் தொடாமலே மூளைக்குப் போய்விட முடியும். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று கருதுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஏன் நடந்தது என்பது பல நேரம் தெரிவதேயில்லை. உன் அம்மா கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததோ, ஏழாம் மாதத்தில் பஸ்ஸில் ஊருக்குப் போனதோ இதற்குக் காரணமில்லை. இதை நீ அவளிடம் ஒரு தடவை சொன்னால் போதாது. அவள் கேட்காதபோதும் சொல்லு.

ஏழு மாதம் வரை ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்று அப்பா கோபப்படுகிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இப்படிப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வரும், ஒரு கையோ காலோ தாளம் தப்பாமல் வெட்டிவெட்டி இழுக்கும், உடனே ஸ்கேன் எடுப்பார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பால் குடிப்பார்கள், அழுவார்கள், சிரிப்பார்கள், இரண்டு கையையும் உதறுவார்கள். அந்த வயதில் கைகால் அசைவை ஆள்வது மூளைத்தண்டும் தண்டுவடமும். பெருமூளைப் புறணி கையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது நான்கு, ஐந்து மாதத்தில், குழந்தை பொருளைப் பார்த்துக் கை நீட்டும்போதுதான். நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிலுகிலுப்பை அவனுக்கு வலப்பக்கம் கிடக்கிறது. அவன் உடம்பை முறுக்கி இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அதை எடுக்கிறான். வலது கை, கட்டைவிரலை உள்ளே மடக்கிய முஷ்டியாக இடுப்போரம் இருக்கிறது. “இடக்கைப் பழக்கம் போல, தாத்தா மாதிரி” என்று பின்னாலிருந்து யாரோ சந்தோஷமாகச் சொல்கிறார்கள். ஒரு வயதுக்குள் குழந்தை எந்தக் கைக்கும் கட்சி கட்டாது, கயல். அதற்கு முன்னால் ஒரு கையை மட்டுமே நம்புகிறது என்றால் அடுத்த கையில் ஏதோ தடை இருக்கிறது என்று அர்த்தம். உன் தோழிகள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவை.

சரி, மாறிக்கொள்வது என்ன என்பதற்கு வருகிறேன். செத்துப்போன நரம்புச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. அந்த இடம் நீர் நிறைந்த ஒரு குழிவாக நிற்கும். செழியனுக்கு ஐம்பது வயதாகும்போது ஸ்கேன் எடுத்தாலும் அது அங்கே இருக்கும். மாறுவது உயிரோடிருக்கும் பகுதிகள். முழுதாக வளர்ந்து முடித்த மூளையில் அடிபட்டால், இருந்த இணைப்புகளில் சில அறுந்துவிட்டன என்று பொருள். கருவிலோ பிறக்கும்போதோ அடிபட்டால், எந்த இணைப்பு தங்கும், எது போகும் என்று இன்னும் முடிவே ஆகாத நேரத்தில் அடிபட்டிருக்கிறது. ஆகவே இதைக் குணமாவது என்று சொல்வதைவிட வேறு விதமாக வளர்வது என்று சொல்வதே பொருத்தம்.

கையை எடுத்துக்கொள்வோம். புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நீண்ட நரம்பிழைகளின் கற்றை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். அது முகுளத்தில் குறுக்காகக் கடப்பதால் மூளையின் இடது பாதி வலது கையை ஆள்கிறது என்று படித்திருப்பாய். அது உன் வயதுக்குச் சரி. பச்சைக்குழந்தைக்கு அப்படியில்லை. இங்கிலாந்தின் நியூகாசலில் ஜேனட் அயர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் தம் குழுவோடு பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். கரு 24 வாரம் ஆவதற்குள்ளேயே இந்த இழைகள் கழுத்துப்பகுதித் தண்டுவடத்தை எட்டிவிடுகின்றன. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் எதிர்ப்பக்கக் கைக்கும் இழை போகிறது, அதே பக்கக் கைக்கும் போகிறது. இரண்டும் ஏறக்குறைய சம வலுவில் இருக்கின்றன. அடுத்த இரண்டு வருடத்துக்குள் அதே பக்க இழைகளில் பெரும்பாலானவை பின்வாங்கிவிடுகின்றன. எதிர்ப்பக்க இழைகள் நிலைக்கின்றன.

யார் இதை முடிவு செய்வது? இழைகள் தமக்குள் போட்டியிட்டு முடிவு செய்துகொள்கின்றன. ஒரே பந்தலில் இரண்டு அவரைக்கொடி ஏற்றிவிட்டால், வெயில் படுகிற பக்கத்துக் கொடி பந்தலைப் பிடித்துக்கொள்ளும், மற்றது சுருங்கிவிடும். இங்கே வெயில் என்பது நரம்பிழையில் ஓடும் சைகை, அதாவது பயன்பாடு. தண்டுவடத்தில் கைத்தசைகளை இயக்கும் செல்களின் மேல் யார் அதிகமாகச் சைகை அனுப்புகிறார்களோ அவர்கள் இடம் பிடிப்பார்கள். செழியனின் இடது பாதியில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சிய இழைகள் கொஞ்சம்தான், அவையும் மெதுவாகத்தான் சைகை அனுப்புகின்றன. எதிரே, அடிபடாத வலது பாதியிலிருந்து அதே பக்கமாக வலது கைக்கு வரும் இழைகள் முழு பலத்தோடு இருக்கின்றன. வழக்கமாகப் பின்வாங்க வேண்டிய அவை, எதிர்ப்பு இல்லாததால் தங்கிவிடுகின்றன. தங்குவதோடு நிற்காமல், இடது பாதியில் பிழைத்திருக்கும் கொஞ்சநஞ்ச இழைகளையும் தள்ளிவிடக்கூடும். அயர் குழு கண்ட வருத்தமான உண்மை இது: சில குழந்தைகளிடம் அடிபட்ட பாதியிலிருந்து கைக்குப் போன சைகை முதல் மாதங்களில் இருந்தது, இரண்டு வயதுக்குள் காணாமல் போனது. அடி விழுந்த நாளில் இழக்காததைப் பிறகு இழந்தார்கள்.

இதைப் பூனைக்குட்டிகளில் இன்னும் தெளிவாகக் காட்டியவர் நியூயார்க்கின் ஜான் மார்ட்டின். பிறந்த ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை ஒரு பக்கத்து இயக்கப் புறணியை மருந்தால் அடக்கிவைத்தார். செல் எதையும் கொல்லவில்லை, அமைதியாக்க மட்டும் செய்தார். மருந்தை நிறுத்திய பிறகும் அந்தப் பக்கத்து இழைகள் தமக்குரிய இடத்தைப் பிடிக்கவில்லை. குட்டி வளர்ந்தும் பாதத்தைச் சரியாக வைக்கத் தெரியாமல் போனது. அடுத்து, அதே போன்ற குட்டிகளில் எதிர்ப்பக்கத்தைச் சில வாரம் அடக்கிப் பார்த்தார். இழந்த இணைப்புகள் திரும்ப வந்தன, நடையும் திரும்பியது. மற்றொரு முறை மருந்தே இல்லாமல், நல்ல காலைக் கட்டுப்படுத்தி பலவீனமான காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதிலும் மீட்சி கிடைத்தது. நான் பிசியோதெரபிஸ்டாக இருந்து படித்ததில் என் வேலையின்மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை கொடுத்தது வேறில்லை. மாறுகண் உள்ள குழந்தைக்கு நல்ல கண்ணை மூடி பட்டி போடுவார்களே, அது எந்தக் கொள்கையில் நடக்கிறதோ அதே கொள்கைதான் கைக்கும் பொருந்துகிறது என்று அயர் எழுதினார்.

அப்படியானால் வலது பாதியே இரண்டு கையையும் பார்த்துக்கொள்ளட்டுமே, என்ன நஷ்டம் என்று நீ கேட்பாய். ஜெர்மனியில் மார்ட்டின் ஸ்டாவுட் என்ற மருத்துவர் இதற்கு நிதானமாக விடை தேடியிருக்கிறார். தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்து காந்தத் துடிப்பு ஒன்றைச் செலுத்துவார்கள், வலிக்காது. அதற்குக் கீழே உள்ள புறணி தூண்டப்பட்டு, எந்தக் கை துடிக்கிறது என்று பார்ப்பார்கள். உனக்கு இடது பக்கம் வைத்தால் வலது கை துடிக்கும், அவ்வளவுதான். இப்படி மாறி வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அடிபட்ட பக்கம் வைத்தால் எதுவும் அசையாது. நல்ல பக்கம் வைத்தால் இரண்டு கையும் ஒன்றாகத் துடிக்கும். மூளையின் ஒரு பாதி இரண்டு கையையும் பிடித்திருக்கிறது.

இதன் அடையாளத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். என்னிடம் வரும் ஒரு பெண்ணிடம் இடது கையால் தரையில் கிடக்கும் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்வேன். மடியில் சும்மா கிடக்கும் அவள் வலது கை விரல்களும் கூடவே ஒவ்வொன்றாகப் பொறுக்கும், காற்றில். அவள் அதை நிறுத்த நினைத்தாலும் நிற்காது. இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூடியைத் திறக்க வேண்டும் என்றால் இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்யப் பார்க்கும். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக.

எப்போது அடிபட்டது என்பதும் கணக்கில் வருகிறது. கருவின் முதல் பாதியில் மூளை உருவாகும்போதே கோளாறு வந்திருந்தால், அதே பக்க இழைகளைக் கொண்டே கை ஓரளவு நன்றாக வேலை செய்யும் என்று ஸ்டாவுட் கண்டார். கடைசி மூன்று மாதத்தின் தொடக்கத்தில், குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் நீர்க்குழிகளை ஒட்டி வரும் பாதிப்பில் நிலை கொஞ்சம் இறங்கும். நிறைமாதத்தை ஒட்டி வரும் பக்கவாதத்தில், செழியனுக்கு வந்ததைப் போல, இன்னும் இறங்கும். தொடு உணர்ச்சியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை நான் மிகவும் வியக்கிறேன். உடம்பிலிருந்து வரும் உணர்ச்சியைத் தலாமஸ் என்ற பகுதியிலிருந்து புறணிக்குக் கொண்டுபோகும் இழைகள், கடைசி மூன்று மாதத்தின் தொடக்கத்தில் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த நேரத்தில் நீர்க்குழி ஓரத்தில் பாதிப்பு வந்தால், அவை அதைச் சுற்றி வளைந்து போய்த் தம் இடத்தைச் சேர்ந்துவிடுகின்றன. ஸ்கேனில் அந்த வளைவையே பார்க்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையின் கையை அசைப்பது ஒரு பாதி, அந்தக் கையின் உணர்ச்சியைப் பெறுவது மறு பாதி. நிறைமாதத்தில் அந்த இழைகள் போய்ச் சேர்ந்து முடித்திருக்கும். இனிச் சுற்றிப்போக எதுவும் வளராது. அதனால்தான் செழியனைப் போல நிறைமாதத்தை ஒட்டி அடிபட்ட பிள்ளைகள் பலர், கண்ணை மூடிக்கொண்டு வலது கையில் வைத்தது சாவியா காசா என்று சொல்லத் திணறுவார்கள். உணர்ச்சி குறைந்த கையைப் பிள்ளை மறந்துவிடும். கையில் பலம் இருந்தும் பயன்படுத்தாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனிப் பேச்சு. இடது பாதி என்று கேட்டதும் நீ பயந்திருப்பாய், மொழி அங்கேதானே என்று. இங்கே எனக்கு நல்ல செய்தி இருக்கிறது. மொழிக்கு இடது பாதி முக்கியம் என்று காட்டிய பால் ப்ரோகாவே 1865-இல், பாரிசின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இறந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவர் மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கான பகுதி பிறப்பிலிருந்தே இல்லை. ஆனாலும் அவர் பேசியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து ஜூல் கொத்தார் என்பவர், சிறு வயதிலேயே இடது பாதி சுருங்கிப்போனவர்கள் பேச்சை இழக்கவில்லை என்று தம் ஆய்வேட்டில் காட்டினார். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கழித்து, 2022-இல், அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிஸ்ஸா நியூபோர்ட் குழுவினர் இடது பாதியில் பிறப்பையொட்டிய பக்கவாதம் வந்த 15 பேரைச் சோதித்து வெளியிட்டார்கள். வயது 9 முதல் 26 வரை. ஒப்பிடுவதற்கு அழைத்தது அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை. பக்கவாதம் வந்தவர்களின் மொழி, வலது பாதியில் அச்சாக அதே இடங்களில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் மாறி அமைந்திருந்தது. வாக்கியங்களைப் புரிந்துகொள்வதில் உடன்பிறந்தவர்களுக்கு அவர்கள் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். சிறுமூளையில் மொழிக்கு உதவும் பகுதிகூட இத்தகையவர்களிடம் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுகிறது என்று ஜெர்மனியில் கண்டிருக்கிறார்கள்.

மூளையின் ஏதோ ஒரு மூலைக்குப் போகாமல், நேர் எதிரே உள்ள அதே இடத்துக்கு மொழி ஏன் போகிறது? சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே மொழி இரண்டு பாதியிலும் இருக்கிறது. நான்கைந்து வயதுக் குழந்தை வாக்கியம் கேட்கும்போது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வளர வளர வலது பக்கத்தின் பங்கு குறைந்து, பெரியவர்களானதும் இடது பக்கம் ஓங்கிவிடுகிறது. கைக்குச் சொன்ன அதே நியதி இங்கேயும் நடக்கிறது: விலக வேண்டியது விலகாமல் நிற்கிறது. புதிதாக எதையும் கட்டுவதைவிட, இருந்ததை விடாமல் வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் இந்தச் சீரமைப்பு. நீ கேட்ட “எதை எதுவாக” என்பதற்கு நான் தரக்கூடிய நேரான பதில் இதுதான்.

கையோடு ஒப்பிட்டால் மொழிக்கு இது நன்றாகவே பலிக்கிறது. ஆனால் இலவசமாக இல்லை. வலது பாதிக்கு அதற்கென்று வேலைகள் உண்டு: வடிவங்களை ஒன்றாகப் பொருத்துவது, திசையும் தூரமும் அறிவது. அங்கே மொழியும் வந்து குடியேறினால் இடம் நெருக்கடியாகிறது. அமெரிக்க உளவியலாளர் ஹான்ஸ்-லூகாஸ் டாய்பர் 1970-களில் இதை எடுத்துச் சொன்னார். பேச்சு காப்பாற்றப்படும், வரைபடமும் வடிவியலும் கொஞ்சம் தடுமாறும். பள்ளிக்குப் போன பிறகு அவன் கட்டத்துக்குள் எண் எழுதத் திணறினால், சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடாதபடி நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு வரத் தாமதமும் ஆகலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவினும் சூசன் கோல்டின்-மெடோவும் இத்தகைய குழந்தைகளை வீட்டிலேயே போய்ப் பல வருடம் பார்த்தார்கள். ஒன்றரை வயதில் குழந்தை எத்தனை பொருளைச் சுட்டிக்காட்டுகிறது, எவ்வளவு சைகை செய்கிறது என்பதைக் கொண்டு அதன் பின்னாளைய சொல்வளத்தைக் கணிக்க முடிந்தது. வீட்டில் எவ்வளவு, எப்படிப் பேசினார்கள் என்பதும் அடிபட்ட மூளை உள்ள குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே முக்கியமாக இருந்தது. வாக்கிய அமைப்பு போன்ற சிலவற்றில் அதைவிடவும் முக்கியமாக இருந்தது. அவன் காட்டுகிற காக்காயைப் பார்த்து “ஆமாடா, காக்கா பறக்குது, பாரு, முருங்கை மரத்துல உக்காந்துருச்சு” என்று நீ சொல்வது அவனுக்கு வைத்தியம். செல்போன் திரை அதைச் செய்யாது.

இளமையில் அடிபட்டால் எப்போதும் நல்லது என்று எண்ணிவிடாதே. அந்த நம்பிக்கைக்கு மார்கரெட் கென்னார்ட் பெயரைச் சொல்வார்கள். 1930-களில் யேல் பல்கலைக்கழகத்தில் குட்டிக் குரங்குகளின் இயக்கப் புறணியை நீக்கிப் பார்த்தபோது அவை வளர்ந்த குரங்குகளைவிட நன்றாகத் தேறின. ஆனால் அந்தக் குட்டிகளுக்கு வளர வளர இறுக்கமும் தடுமாற்றமும் தலைகாட்டியதையும் கென்னார்டே பதிவு செய்தார். முதல் பாதியை எல்லோரும் நினைவு வைத்துக்கொண்டார்கள், இரண்டாவதை விட்டுவிட்டார்கள். கனடாவின் லெத்பிரிட்ஜில் பிரையன் கோல்ப் எலிகளில் காட்டியது இன்னும் கண்டிப்பானது: பிறந்து பத்து நாளான குட்டிக்குப் புறணியில் அடிபட்டால் வியக்கும்படி தேறுகிறது, பிறந்த முதல் நாள்களில் அடிபட்டால் வளர்ந்தபின் அதன் நிலை மிக மோசம். எலிக்குட்டி நம் குழந்தையைவிட முதிராமல் பிறக்கிறது. அதன் முதல் நாள் நம் கணக்கில் கருவறைக்குள்ளேயே இருக்கும் ஒரு காலம். செல்கள் தம் இடத்துக்கு நகரும் கட்டமா, இணைப்புகள் பெருகும் கட்டமா என்பதைப் பொறுத்துத் தலைவிதி மாறுகிறது.

மிக முந்தி நடந்தும் மூளை பிரமாதமாகச் சமாளித்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் ஒரு சிறுமிக்கு மூளையின் வலது பாதி வளரவேயில்லை. கருவான சில வாரங்களிலேயே வளர்ச்சி நின்றிருக்கிறது. மூன்று வயதில் சிறு வலிப்புகளுக்காக ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. அவளுக்குப் பத்து வயதானபோது லார்ஸ் முக்லி குழுவினர் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதி மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு பக்கத்துப் பார்வைப் பரப்பு இருக்கக் கூடாது. அவளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. விழித்திரையிலிருந்து வலது பாதிக்குப் போக வேண்டிய நரம்பிழைகள், போக இடமில்லாமல் இடது பாதிக்கே போய், அங்கே பார்வைப் புறணிக்குள் தனித் தீவுகளாக இடம் பிடித்திருந்தன. இதே இழப்பு பிறப்பையொட்டி வந்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்குள் அந்த இழைகள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டு பாதியும் அடிபட்ட குழந்தைகளுக்கு நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தாது. பிரசவத்தில் மூச்சுத்திணறி மூளை முழுவதும் ஆக்சிஜன் குறைந்த குழந்தைக்குப் பொறுப்பை ஏற்க நல்ல பாதி என்று ஒன்று மிஞ்சுவதில்லை. வெயிட்டிங் ஹாலில் அம்மா பார்க்கும் எல்லாப் பிள்ளையையும் செழியனோடு ஒப்பிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. காத்திருக்காதீர்கள். “ஒரு வயசு ஆகட்டும், அப்பறம் பாக்கலாம்” என்று ஆச்சி சொல்வது அன்பால்; ஆனால் இழைகளின் போட்டி இப்போது நடக்கிறது. நல்ல கைக்குச் சிறிது நேரம் மென்மையான உறையைப் போட்டு, பலவீனமான கையை விளையாட்டில் இறக்கும் முறை ஒன்று உண்டு. பெரியவர்களுக்காக எட்வர்ட் டாப் வகுத்ததைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஒரு வயதுக்குள் உள்ளவர்களுக்கு ஸ்டாக்ஹோமில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் அமைத்த முறையில் நாளுக்கு 30 நிமிடம், வாரம் ஆறு நாள், ஆறு வாரம். பிறகு ஆறு வாரம் இடைவெளி. மறுபடி ஆறு வாரம். பயிற்சி கொடுப்பது அம்மா அப்பாதான், சிகிச்சையாளர் வாரந்தோறும் வழிகாட்டுவார். நேரத்தை நீங்களாக நீட்டிவிடாதீர்கள். நல்ல கையும் இப்போதுதான் வளர்கிறது. நாளெல்லாம் கட்டிவைத்தால் அதற்குக் கேடு வரலாம். உங்கள் தென்காசியிலிருந்து ஆய்க்குடி பக்கம்தான், அமர் சேவா சங்கத்தில் சின்னக் குழந்தைகளுக்கான பயிற்சி இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்ப இடையீட்டு மையத்தையும் விசாரியுங்கள், “டி.இ.ஐ.சி. எங்கே?” என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

உன் பங்கு சின்னச் சின்னதாக நிறைய. அவனோடு விளையாடும்போது வலப்பக்கம் உட்கார். முஷ்டியை விரல் நுனியில் பிடித்து இழுத்துத் திறக்காதே, மணிக்கட்டை மெல்ல உள்ளே வளைத்தால் விரல்கள் தாமாக நெகிழும். சொரசொரப்பான தேங்காய்நார், சில்லென்ற எவர்சில்வர் கிண்ணம், ஈரத்துணி என்று உள்ளங்கைக்கு விதவிதமாகக் கொடு. கோல்ப் தம் எலிக்குட்டிகளை மென்மையான தூரிகையால் நாள்தோறும் தடவிவிட்டபோது அவை கூடுதலாகத் தேறின. எலியிலிருந்து நம் பிள்ளைக்கு நேராகத் தாவக் கூடாதுதான். ஆனாலும் ஆச்சி எண்ணெய் தேய்க்கும்போது வலது கையை அவசரமாக முடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். உட்கார ஆரம்பித்ததும் இரண்டு கை இல்லாமல் ஆகாத பொருள்களைக் கொடு: பெரிய பந்து, மூடி போட்ட டப்பா, கவிழ்த்துத் தட்டும் பாத்திரம். கண் ஒரு பக்கம் நிலைகுத்தி, கையோ வாயோரமோ வெட்டி இழுத்தால் அது விளையாட்டில்லை. இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் வலிப்பு வருவது உண்டு. நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக நீ கேட்டது: வலது கையால் எழுதுவானா? எழுத மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். இடது கையால் நன்றாக எழுதுவான். வலது கை நோட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும், சட்டைப் பொத்தானுக்குத் துணியை இழுத்துக் கொடுக்கும், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பற்றும். நாம் இந்த மாதங்களில் பாடுபடுவது அந்தத் துணைக்கையை அவன் மறந்துவிடாமல் இருக்க. அவன் நடப்பான்; பெரும்பாலும் எல்லோரும் நடந்துவிடுகிறார்கள், ஒன்றரை, இரண்டு வயது ஆகலாம். சாப்பிடுவதும் இடது கையால்தான். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது விரல்களுக்கு எவ்வளவு நுணுக்கமான வேலை என்று நீயே ஒரு முறை கவனித்துப் பார். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது “சோத்துக்கையில சாப்பிடுடா” என்று அவன் கையைத் தட்டிவிடுவார்கள். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் ஆச்சியிடமும் சித்தப்பாக்களிடமும் பேசிவைத்துவிடு. அவர்களே இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன் என்று சொல். எம்.ஆர்.ஐ. படங்களின் சி.டி.யை அப்பா பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம், வரும்போது கையில் கொண்டுவரட்டும்.

அன்புடன்,
அத்தை